முதல் வாளி

எங்கள் கோயில் வளவில் ஓர் ஒலிவ மரம் இன்னும் உயிரோடு நிற்கிறது. முழங்கால் உயரம். அதன் அருகே ஒரு கம்பியில் தகரத் துண்டொன்று தொங்குகிறது. வேதத்தில் ஒலிவ மரம் வரும் இடத்தின் அதிகாரமும் வசன எண்ணும் அதில் வெள்ளைப் பெயின்றால் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவன் நான். அத்தி நின்ற இடத்திலும் மாதுளை நின்ற இடத்திலும் திராட்சைப் பந்தல் போட்ட இடத்திலும் தகரங்கள் மட்டும் மிச்சம். மரங்கள் போய்விட்டன, எண்கள் இருக்கின்றன. நெடுந்தீவில் கடவுளின் படைப்பை நாங்கள் காப்பாற்றிய கதை இது. சந்தோசமான கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

முப்பது வருடம் தீவின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பிள்ளைகளுக்குக் கோயிலில் மறைக்கல்வி. கிழமை நாட்களில் தண்ணீர் எப்படி வருகிறது என்று சொல்வேன். ஞாயிறு வந்தால் அதைத் தந்தது யார் என்று சொல்வேன். இரண்டு வகுப்புக்கும் வாய் ஒன்றுதான். ஆனால் ஒரு வகுப்பில் சொன்னதை மற்ற வகுப்பில் நான் நினைத்துப் பார்த்ததாக ஞாபகமில்லை.

தண்ணீர்ப் பாடத்துக்கு என்னிடம் ஒரு வித்தை இருந்தது. ஜாம் போத்தலில் பாதிக்கு உப்புத் தண்ணீர் விட்டுச் சிவப்பு மை கலப்பேன். அதற்கு மேலே, கரண்டியின் முதுகில் விழும்படி நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினால் அது கலக்காமல் மிதக்கும். இதுதான் எங்கள் தீவு என்பேன். மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை போல நிற்கிறது. எங்கள் கிணறுகள் வாய் வைத்திருப்பது அந்த ஆடையில்தான். பிறகு பப்பா இலைத் தண்டைக் குழாயாக வைத்து மெதுவாக உறிஞ்சிக் காட்டுவேன், நல்ல தண்ணீர் வரும். ஒரேயடியாக இழுத்தால் அடியிலிருந்து சிவப்பு கூம்பாக எழும்பித் தண்டுக்குள் ஏறும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். என் வாய் முழுக்க உப்பும் மையும். வருடா வருடம் அந்தப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சித்தியடைந்தார்கள். படிப்பித்தவன்தான் கோட்டை விட்டவன்.

கோயில் கிணறு வீதியோரமாக இருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகளெல்லாம் சவர், குடிக்க உதவாது. இது மட்டும் நல்ல தண்ணீர். கிணற்றடியில் மாடுகள் குடிக்கக் கல்லால் கட்டிய தொட்டி, அதன் பக்கத்தில் அவை முதுகு தேய்க்க நட்டு வைத்த ஆவுரஞ்சிக் கல், இரண்டுக்கும் நிழலாக இரண்டு பூவரசுகள். அள்ள வருகிறவர் வேதக்காரரோ சைவக்காரரோ, முதல் வாளியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் தன் குடத்துக்கு அள்ளுவார். மத்தியானம் தாண்டினால் கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் கிணறு ஊற வேண்டும். இதற்கெல்லாம் அறிவிப்புப் பலகை கிடையாது. யாரும் பிரசங்கம் வைத்ததும் கிடையாது. நானும் அரைக் காற்சட்டைக் காலத்திலிருந்து முதல் வாளியை ஊற்றியவன்தான். ஆனால் அதை மறைக்கல்வியில் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. பாடப் புத்தகத்தில் அது இல்லை.

பங்குத்தந்தை புதிதாக வந்தவர், வயது குறைந்தவர், பெருநிலத்து ஆள். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் அப்படிப்பட்டவரில்லை. பூசை முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், கரையொதுங்கிய பிளாஸ்ரிக் போத்தல்களைத் தானே குனிந்து பொறுக்குவார். மண்ணைக் காப்பதும் விசுவாசத்தின் ஒரு பங்கு என்று ஞாயிறுக்கு ஞாயிறு சொன்னவர். ஒரு ஞாயிறு, கோயிலுக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட வெற்றுத் தரையில் வேதத் தோட்டம் ஒன்று வைக்கப் போகிறோம் என்று அறிவித்தார். வேதத்தில் பெயர் வந்த மரங்கள் மட்டும். பிள்ளைகள் வசனத்தை வாசித்துவிட்டு மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பூவரசு வேதத்தில் இல்லை. திராட்சைக்கு வெயில் வேண்டும் என்று சொல்லி இரண்டையும் ஒரு காலையில் தறித்தார்கள். பங்குச் சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சபையின் செயலாளர் நான்தான், ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். ஆவுரஞ்சிக் கல்லை மட்டும் பழமையாக இருக்கிறது என்று விட்டுவைத்தார்கள்.

மரம் போனதுகூடப் பெரிதில்லை. ஒரு கிழமை கழித்துக் குறிகட்டுவானிலிருந்து வந்த வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் வந்திறங்கியது. ஒலிவும் திராட்சையும் எங்கள் கல்லுத் தரையில் பிழைக்க வேண்டுமென்றால் காலையும் மாலையும் தண்ணீர் குடிக்க வேண்டும். வாளியால் அள்ளி ஊற்ற யார் இருக்கிறார்கள்.

அன்று பின்னேரமே கோயிலுக்கு எதிர்வீட்டு அக்கா என் படலையடியில் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், சைவக்காரர். புருசன் செத்த பிறகு நாலு மாடுகளின் பாலிலும் தயிரிலும் சீவித்தவர். அந்த நாலு மாடும் குடிப்பது கோயில் தொட்டியில். உள்ளே வந்து இருங்கோ என்றேன். இருக்கவில்லை.

"மாஸ்ரர், மோட்டர் போட்டா கிணறு பழுதாப் போகும். நீங்கள் படிச்சவர், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சைவக்காரி, உங்கடை கோயில் காரியத்திலை வாய் வைக்க ஏலாது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா பாதர் கேப்பார்."

ஓம், நாளைக்கே சொல்லுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரவு படுக்கும்போதுகூட ஜாம் போத்தலையும் சிவப்பு மையையும் கொண்டுபோய்ப் பாதருக்குச் செய்து காட்டலாமா என்று யோசித்தேன்.

அடுத்த நாள் காலை பாதர் தங்கும் அறைவீட்டுக்குப் போனேன். பங்குத்தந்தை என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, மாஸ்ரரைக் கூப்பிட்டு விட இருந்தேன், நீங்களே வந்துவிட்டீர்கள் என்றார். அவர் கையில் நான் எப்போதோ பள்ளி மலருக்கு எழுதிய கட்டுரை இருந்தது. மனிதனும் படைப்பும் பற்றி. இதைப் போல இங்கே எழுதக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை, தோட்டத்துத் திறப்பு விழாவில் நீங்கள்தான் பேச வேண்டும், யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய குருமார் வருகிறார்கள் என்றார். எனக்கு ஒலிவாங்கி என்றால் சீனி. தேநீர் வந்தது, கோயில் கிணற்றுத் தண்ணீரில் போட்ட நல்ல தேநீர். குடித்துக்கொண்டே பேச்சுக்குத் தலைப்பு என்ன வைக்கலாம் என்று இருவருமாக யோசித்தோம். மோட்டர் என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. இப்போது சொன்னால் மனிதருக்கு முகம் வாடிவிடும், பேச்சும் கை நழுவிவிடும், விழா முடியட்டும் என்று விழுங்கினேன்.

வெளியே வந்தால் அக்கா தொட்டியடியில் மாடுகளோடு நிற்கிறார். "சொன்னனீங்களோ?" என்று கேட்டார்.

"சொன்னனான். யோசிப்பம் எண்டவர்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை, தானாக வந்தது. சிலருக்குத் தும்மல் வருவது போல எனக்கு நல்ல பெயர் எடுக்கும் பொய் வரும்.

திறப்பு விழாவில் நன்றாகப் பேசினேன். மண்ணை ஆளும்படி மனிதனுக்குச் சொல்லப்பட்டதை அரசாட்சி என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் பிழை, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்ட வேலைக்காரன் அவன், முதலாளி வேறு ஆள் என்றேன். பெரிய குருமார் தலையாட்டினார்கள். பின்னால் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என் பேச்சு எடுபடவில்லை என்று கண்டதும் இடையில் நிறுத்தி, அதை நிறுத்தும்படி சைகை காட்டினேன். அந்த மோட்டரை நிறுத்தச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பேசி முடிந்ததும் திரும்பப் போட்டார்கள்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை அக்கா ஒரு சட்டி தயிரோடு வந்தார். வெள்ளி அவர் வீட்டிலும் மரக்கறி, எங்கள் வீட்டிலும் மரக்கறி. எதற்கு அக்கா என்று கேட்டேன். பாதர் கேட்காவிட்டாலும் நீங்களாவது சொன்னீர்களே, எனக்காக வாய் திறந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். வாங்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நிறைந்த சட்டி வரும், போன கிழமைச் சட்டி வெறுமையாகத் திரும்பிப் போகும். பனங்கட்டி கடித்துக்கொண்டு அந்தத் தயிரை நான் சாப்பிட்டேன். நல்ல கட்டித் தயிர். தொண்டையில் சிக்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் சிக்கவில்லை, சுகமாக இறங்கியது.

மாரிக்குப் பிறகு கோடை. ஆடி மாதத்தில் சோளகக் காற்று தரையை வறட்டி எடுத்தபோது மோட்டர் ஒரு நாளைக்கு மூன்று தரம் ஓடியது. முதலில் தேநீர் கரித்தது. சீனியை மாற்றிப் பார்த்தார்கள், தேயிலையை மாற்றிப் பார்த்தார்கள். எனக்கு முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. பப்பாத் தண்டில் ஏறிய அதே ருசி, மை மட்டும் இல்லை. பிறகு திராட்சை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. மாதுளை பூத்த பூவோடு காய்ந்தது. மோட்டரைக் கழற்றினார்கள். இழுத்தது இழுத்ததுதான்.

மாடுகள்தான் பார்க்க ஏலாமல் இருந்தன. வழக்கமான நேரத்துக்கு நாலும் வந்து தொட்டிக்குள் மூஞ்சியை வைக்கும். வைத்த உடனே எடுக்கும். பிறகு போகாமல் அங்கேயே நிற்கும், யாராவது வேறு வாளி ஊற்றுவார்கள் என்று. நிழலும் இல்லை. ஒன்று ஆவுரஞ்சிக் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும், மற்றவை வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அக்கா பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்று கான்களில் வாங்கி வருவார், அது ஆளுக்கே போதாது. பால் பாதியாகக் குறைந்தது. எனக்கு வந்த தயிர்ச் சட்டியும் பாதியாகக் குறைந்தது, ஆனால் வந்தது. ஆவணியில் இரண்டு மாடுகளை விற்றார். வள்ளத்தில் ஏற்றும்போது கூட்டமாக நின்று பார்த்தோம். அவை எங்கே போகின்றன என்று எல்லாருக்கும் தெரியும், எவரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் கோயிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. கிணற்றுத் தண்ணீரின் உப்பு ஞானஸ்நானத் தொட்டியில் வெள்ளைப் படையாக ஒட்டிக்கொண்டிருந்தபடியால் பங்குத்தந்தை கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை ஆசீர்வதித்து ஊற்றினார். மூடியைத் திருகும் சத்தம் கடைசி வாங்கில் இருந்தவர்கள்வரை கேட்டது. தண்ணீரின் மேல் ஆவியானவர் அசைந்தாடியதைப் பற்றி ஒரு வாசகம் வாசிக்க வேண்டும், அதை வாசித்தவனும் நான்தான். கடற்கரையில் இவர் பொறுக்கும் போத்தல்களும் இதே சாதிதான் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்த மனிதர் மேல் வந்தது. என் மேல் வராமல் அவர் மேல் வந்தது எவ்வளவு சௌகரியம் என்று அப்போது நினைக்கவில்லை.

மாரி மழை விழுந்ததும் எல்லாம் சரிவரும் என்றார்கள். நானும் மழை விட்ட ஒவ்வொரு நாளும் போய் ஒரு வாளி அள்ளி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது. ஆனால் மாடு குடிக்கவில்லை. இழந்த நல்ல தண்ணீர் ஆடை திரும்பப் படிய எத்தனை மாரி வேண்டும் என்று நான் படிப்பித்த விஞ்ஞானப் புத்தகத்தில் இல்லை.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆத்தும சோதனைக்கென்று கோயிலில் ஒரு துண்டுத்தாள் தருவார்கள். கட்டளை கட்டளையாகக் கேள்வி இருக்கும், பொய் சொன்னாயா, களவெடுத்தாயா, பூசையைத் தவறவிட்டாயா என்று. கிணற்றைப் பற்றிக் கேள்வி இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் நாங்கள் மார்பில் தட்டிச் சொல்வதில், செய்யாமல் விட்டதும் பாவம் என்று தெளிவாக இருக்கிறது. களவெடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம். தண்ணீரின் இனிப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது. இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றுதான் முழங்காலில் நின்றேன்.

கோயில் கிணறு உப்பானதில் எனக்கும் பங்கு இருக்கிறது பாதர் என்று தொடங்கினேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதர் குறுக்கிட்டார்.

"மாஸ்ரர், அது பாவமில்லை" என்றார். அங்கே ஆளைத் தெரிந்ததாகக் காட்டக் கூடாது, அதையும் மறந்துவிட்டார். "அது திட்டத்திலை வந்த பிழை. நான் வெளியூரான், எனக்கு இந்தத் தீவின்ரை தண்ணியைப் பற்றி என்ன தெரியும். மோட்டர் போடவேண்டாம் எண்டு ஆராவது ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போட்டிருக்கமாட்டன். ஒருத்தரும் சொல்லேல்லை." பிறகு செருமிக்கொண்டு, "வேறை பாவங்கள் இருந்தாச் சொல்லுங்கோ" என்றார்.

என் வாழ்க்கையில் உண்மையைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடைத்ததில்லை. இருட்டு, கம்பித் தட்டி, வெளியே போகாத காது. சொல்லத்தான் வந்தேன் பாதர், தேநீர் குடித்துவிட்டுச் சொல்லாமல் போனேன் என்று ஒரே வசனம். ஒரு சொல் போதுமாக இருந்தது என்று இப்போது தெரிந்த பிறகு அந்த வசனம் இன்னும் பாரமாகிவிட்டது.

"உங்களிலை எனக்குக் கோவம், பாதர்" என்றேன்.

கோபம் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கிடைத்தது, மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். வாங்கில் முழங்காலில் நின்று மூன்றையும் சொன்னேன். அவர் மேல் இருந்த கோபம் உண்மையாகவே போய்விட்டது. போன பிறகு பார்த்தால் அந்த இடத்தில் நான் மட்டும் நின்றேன், எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

நத்தார் கழிந்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். சட்டியில் கால்வாசித் தயிர். இரண்டு மாட்டுப் பாலில் விற்றது போக எனக்கென்று எடுத்து வைத்தது. கையில் வாங்கிவிட்டேன். வாங்கிய கையோடு சொன்னேன், நான் அன்றைக்குப் பாதருக்குச் சொல்லவில்லை அக்கா, சொன்னதாகப் பொய் சொன்னேன் என்று. காரணமும் சொல்ல வாய் எடுத்தேன். விழாவில் பேசுகிற ஆசையில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

அவர் அழவில்லை, ஏசவுமில்லை. முற்றத்தில் கிடந்த காய்ந்த வேப்பம் பழம் ஒன்றைக் காலால் தள்ளினார்.

"நான் இவ்வளவு நாளும் அந்த மனிசனையெல்லோ திட்டிக்கொண்டு திரிஞ்சனான்" என்றார். "விடியக் காலமை எழும்பின உடனை அவரைத்தான் திட்டுவன். மாட்டை வள்ளத்திலை ஏத்தேக்கை அந்தாள் வந்து என்ரை கையைப் பிடிச்சது. நான் உதறிப்போட்டு வந்தனான்."



"போன கிழமைச் சட்டியைத் தாங்கோ" என்றார். குசினிக்குள் போய்க் கழுவி எடுத்து வந்து கொடுத்தேன். அதைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். "இதையும் தாங்கோ. இது பாதருக்கு."

தயிர்ச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். படலையைச் சாத்திவிட்டு அறைவீட்டுப் பக்கமாக நடந்தார். கிணற்றடியைத் தாண்டி, தகரத் துண்டுகளைத் தாண்டி அவர் போவதை நான் படலையில் நின்று பார்த்தேன். அங்கே போய் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்றுதான் இருந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி, இன்றைக்குத் தயிர் வரவில்லையா என்று கேட்டாள். வந்தது, பாதருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்றேன். நல்ல வேலை செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் எனக்குச் சோற்றைப் போட்டாள்.